சிவப்பு நூல் கட்டிய பரங்கிப் பூ

அன்று மாலை மாடிப்படியில் நின்றபோது நான் உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "அக்கா, அந்த நூலை அறுத்தது நான்தான்." சிதம்பரத்தில் பேருந்து ஏறியதிலிருந்து அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது முன்னால் ஒரு மன்னிப்பைச் சேர்த்தேன். முதுநகர் வரும்போது அதை எடுத்துவிட்டேன். மஞ்சக்குப்பத்தில் இறங்கி வீட்டுக்கு வந்து, படியேறி, உங்கள் முகத்தைப் பார்த்ததும், "என்னக்கா, பூட்டு புதுசா?" என்றுதான் கேட்டேன்.

இன்று காலை அலமாரியிலிருந்து தடித்த நாவல் ஒன்றை எடுத்தேன். போன வருடம் பாதியில் விட்டது. உள்ளிருந்து மடித்த பேருந்துச் சீட்டு விழுந்தது. பிரித்தால் இரண்டு சிவப்பு நூல் துண்டுகள். முடிச்சு அவிழவே இல்லை. முடிச்சுக்கு ஓரமாகக் கத்திரிக்கோல் வெட்டிய இடம் இன்னும் நறுக்கென்று தெரிகிறது. வெளியே கத்திரி வெயில் தொடங்கி நான்கு நாள் ஆகிறது. எட்டு மணிக்கே மாடித் தரையில் கால் வைக்க முடியவில்லை. போன வருடமும் இதே நாட்கள்தான்.

முன் போர்ஷனில் நீங்கள், பின் போர்ஷனில் நான். இரண்டு பேரும் தனி ஆட்கள். உங்களுக்கு ஜாக்கெட் தைக்கும் வேலை. எனக்குச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகம். மொட்டை மாடி நமக்குப் பொது, துணி காயப்போடும் கயிறுதான் எல்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் உங்கள் செடிப் பைகள். இந்தப் பக்கம் என்னுடையவை: வெண்டை, கத்தரி, நாலு தக்காளி, ஒரு பரங்கி.

நீங்கள் எதையும் லேசில் நம்பியதில்லை. போர் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டதா என்று தினமும் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பீர்கள். டிவியில் மழை என்று சொன்னால் அன்றைக்கு இரண்டு குடம் அதிகமாக ஊற்றுவீர்கள். சிதம்பரத்திலிருந்து நான் வாங்கிவந்த பரங்கி விதைப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "இந்தப் படத்தல்லாம் நம்பாத பாப்பா. பொண்ணு பாக்க குடுத்தனுப்பற போட்டோ மாதிரி. நேர்ல வேற ஆளா இருக்கும்."

செடிகளைக்கூட நீங்கள் நம்பவில்லை. மதிய வெயிலில் பரங்கி இலைகள் எல்லாம் துவண்டு தொங்க, விடுமுறை நாளில் வீட்டிலிருந்த நான் பதறிப்போய்த் தண்ணீர்ப் பூவாளியைத் தூக்கினேன். கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "நடிக்குது. சாயங்காலம் வந்து பாரு, எழுந்து நிக்கும். இப்ப ஊத்துனா வேரு வெந்துடும்." மாலையில் போய்ப் பார்த்தேன். எழுந்துதான் நின்றது.

நானும் சந்தேகக்காரிதான் அக்கா. உங்கள் சந்தேகம் வாய்க்கு வந்துவிடும், என்னுடையது உள்ளேயே கிடக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் சூட்டில் பரங்கிக் கொடி பூத்துத் தள்ளியது, ஆனால் எல்லாம் ஆண் பூ. எப்போதாவது ஒரு பெண் பூ, அடியில் சின்னப் பிஞ்சோடு வரும். இரண்டு நாளில் மஞ்சளாகி விழுந்துவிடும். உங்கள் பக்கத்திலும் ஒரு பரங்கி இருந்தது. தரைச் சூடு தாக்காமல் இருக்கத் தென்னை ஓலை பரப்பி அதன்மேல் ஓடவிட்டிருந்தீர்கள். அது கயிற்றைத் தாண்டி வந்து என் கொடியோடு பின்னிக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. என் பைகளுக்கு நடுவே ஓடுவதெல்லாம் என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் விடியலில் பல் துலக்கிக்கொண்டே மேலே வந்தேன். நீங்கள் என் பக்கத்தில் குனிந்திருந்தீர்கள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, "மே, மாதா மாசமில்ல, வெயிலுக்கு முந்தி ஜெபமாலைய முடிச்சிடலாம்னு வந்தேன்" என்றீர்கள். கையில் ஜெபமாலை இல்லை. ஒரு பரங்கிப் பூ இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மாலை வேலையிலிருந்து வந்து தண்ணீர் ஊற்றப் போனபோது என் பைகளுக்கு நடுவே இரண்டு மொட்டுகளைப் பார்த்தேன். மறுநாள் விரிய வேண்டிய பெண் மொட்டுகள். இரண்டின் நுனியையும் யாரோ சிவப்பு நூலால் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். அந்தச் சிவப்பு எனக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க உங்கள் மிஷினில் ஓடிய நூல் அது.

புவனகிரியிலிருந்து அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார். வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "செவப்பு நூலா? கையால தொடாத. கத்திரிக்கோலால வெட்டி எறிஞ்சிட்டு கால் கழுவிட்டு உள்ள போ" என்றார். எனக்கு வரன் ஏன் தள்ளிப்போகிறது என்பதற்கு அம்மாவுக்கு அன்றைக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

நான் சிரித்தேன். செய்வினை, சூனியம் எதையும் நம்புகிறவள் அல்ல நான். ஆகவே எனக்குப் பொருத்தமாக வேறொரு சந்தேகத்தைத் தயார் செய்துகொண்டேன். என் கொடியில் வரப்போகும் காய்களுக்கு நீங்கள் இப்போதே அடையாளம் வைக்கிறீர்கள். அதிகாலையில் யாரும் பார்க்காத நேரத்தில் வருவது அதற்குத்தான். படித்தவளுக்கு ஏற்ற, நாகரிகமான சந்தேகம். ஆனால் நூலைக் கையால் தொடவில்லை. கீழே போய்க் கத்திரிக்கோல் எடுத்துவந்துதான் வெட்டினேன். விழுந்த துண்டுகளைப் பேருந்துச் சீட்டில் மடித்து வைத்தேன், ஆதாரம் வேண்டும் என்று.

மறுநாள் சனிக்கிழமை. நீங்கள் காலைப் பூசைக்குப் போய்விட்டு ஏழு மணிக்குத்தான் மேலே வந்தீர்கள். நான் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பூக்களும் அகல விரிந்திருந்தன. ஒன்றினுள்ளே ஒரு தேனீ, உடம்பெல்லாம் மஞ்சள் தூளோடு புரண்டுகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"இங்க நூலு கட்டியிருந்தேன். பாத்தியா?"

திருட்டுத்தனமாகக் கட்டியவர் இப்படி நேராகக் கேட்பாரா என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கேட்டுவிட்டால் சந்தேகம் வராது என்று கேட்கிறார் என்றே நினைத்தேன்.

"காத்துல போயிருக்கும்க்கா."

"காத்துக்கு முடிச்சவுக்கத் தெரியுமா?"

அதற்குமேல் நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. மாடியின் மூலையைப் பார்த்தீர்கள். அங்கே பழைய புடவை விரித்து எதிர்வீட்டு அத்தை வடகம் காயவைத்திருந்தார். வெயில் வீணாகாத மாடி நம்முடையது என்று ஒவ்வொரு கோடையிலும் வருகிறவர். வெள்ளிக்கிழமை மாலையும் வடகத்தை மூடிவைக்க வந்துபோயிருந்தார். ஓலைமேல் இருந்த ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துப் போட்டு, நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் வைத்துத் தேய்த்தீர்கள். உதடுகள் அசைந்தன.

திங்கட்கிழமை நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கும்போது வீட்டுத் தோட்டம் பற்றிய ஒன்று கையில் அகப்பட்டது. எப்போதும் போல நின்றபடியே புரட்டினேன். ஒரு பக்கத்தில் கோட்டோவியம்: பரங்கியின் பெண் மொட்டு, நுனியில் நூல் சுற்றியிருக்கிறது. அதே ரகத்து விதை வேண்டுமானால் விரிவதற்கு முந்தின மாலையே மொட்டைக் கட்டிவிட வேண்டும், விடிந்ததும் அதே கொடியின் ஆண் பூவைக் கொண்டு நாமே மகரந்தம் சேர்த்து மறுபடி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துக் கொடியின் மகரந்தம் தேனீயோடு வந்து கலந்துவிடும் என்று கீழே எழுதியிருந்தது. பக்கத்துக் கொடி என்றால் என் பாக்கெட் பரங்கி. அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. ஒரு மாணவி வந்து மேசையைத் தட்டினாள்.

அந்த மாலைதான் பேருந்தில் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்தேன். நீங்கள் மாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"பூட்டு புதுசுதான். எதிர்வூட்டு அம்மாகிட்ட சொல்லிட்டேன், இனிமே வடகத்த அவுங்க வாசல்லயே போட்டுக்கட்டும்னு. ஏன்னு கேட்டாங்க. நூலு காணாமப் போவுதுன்னேன். நூலத் திருடி நான் என்னா வடகமா புழியப் போறேன்னாங்க. கோவம் வந்துடுச்சு அவுங்களுக்கு."

பிறகு படியிலேயே உட்கார்ந்து, நான் கேட்காமலே சொன்னீர்கள். மேல்பட்டாம்பாக்கத்தில் உங்கள் அம்மா வீட்டுக் கொல்லையில் காய்த்த பரங்கி. தட்டையாக, ஆழமான வரிப்பள்ளங்களோடு, பழுத்தால் மேலே சாம்பல் பூத்தாற்போல இருக்கும். உங்கள் தம்பி கொல்லைக்கு சிமென்ட் போட்டபோது எடுத்துவந்தது ஆறே விதை. இரண்டு வருடத்தில் நான்கு வீண். மிச்சமிருந்த இரண்டில் ஒன்று முளைக்கவில்லை. முளைத்த ஒன்றுதான் ஓலைமேல் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கோடையில் விதைக்கு ஒரு காய் பிடிக்காவிட்டால் அதோடு முடிந்தது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன்.

"சொன்னா ஆளாளுக்கு கண்ணு வெப்பாங்க. அதான் வாயத் தொறக்கல."

பூட்டோடு இரண்டு சாவி வந்திருந்தது. ஒன்றை வளையத்திலிருந்து கழற்றி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினீர்கள். "உங்கிட்ட மட்டும்தான் குடுக்கறேன். யாரு கேட்டாலும் குடுக்காத."

எவரையும் நம்பாத நீங்கள் தேடிப்பிடித்து நம்பியது என்னை. சாவி சுட்டது, பகல் முழுக்க வெயிலில் கிடந்த இரும்பு. "சரிக்கா" என்றேன்.

அந்த இரண்டு பூவில் ஒன்று விழுந்துவிட்டது. மற்றது பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த பெண் மொட்டுகள் எதுவும் அந்தச் சூட்டில் நிற்கவில்லை. காய்க்கு மேல் ஈரத்துணி போர்த்தினீர்கள். அணிலுக்குப் பயந்து பழைய ஜாக்கெட் துணியில் உறை தைத்து மாட்டினீர்கள், கழுத்துக்கு ஒரு ஊக்கு வைத்து. "இதுக்கு அளவு எடுக்கறதுதான் கஷ்டம், வாரத்துக்கு வாரம் உடம்பு போடுது" என்றீர்கள். காய் தட்டையாக, வரிப்பள்ளத்தோடு, உங்கள் அம்மா வீட்டுக் காயாகவே இருந்தது. ஆனால் தோல் தாய்க்கொடியுடையது. கலந்திருந்தால் அது விதைக்குள்தான் இருக்கும். இதையும் அந்தப் புத்தகத்தில் படித்திருந்தேன். உங்களிடம் சொல்லவில்லை.

ஆவணியில் அறுத்தீர்கள். விதைகளைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, மாத்திரை டப்பாவில் போட்டு, எல்லாவற்றையும் என்னிடமே கொடுத்தீர்கள். உங்கள் வீட்டில் எலி என்று காரணம் சொன்னீர்கள்.

"அதேதானா, வேற எதாச்சும் கலந்துச்சான்னு போட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்றீர்கள். டப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். "நீதான் எதையும் வெளிய விடாத ஆளு. வெச்சிக்க."

இதை எத்தனை விதமாக யோசித்துவிட்டேன் தெரியுமா? வெட்டிய மறுநாளே உங்களுக்குத் தெரிந்துவிட்டதோ? நாள் முழுக்கத் துணி வெட்டுகிறவருக்குக் கத்திரிக்கோலின் வேலை தெரியாமல் இருக்குமா? கொடிக்கு அடியில் நூலின் பிசிறு ஏதாவது கிடந்ததோ? தெரிந்தேதான் சாவியைக் கொடுத்தீர்களோ, நானாகச் சொல்லட்டும் என்று? அப்படியானால் எதிர்வீட்டு அத்தையை ஏன் வரவேண்டாம் என்றீர்கள்? ஒரு பக்கம் பார்த்தால் முழு நம்பிக்கை, மறு பக்கம் பார்த்தால் ஒரு பரீட்சை. உங்களைப் பற்றி எனக்கு மிச்சமிருப்பது இந்தச் சந்தேகம்தான். தீர்த்துவைக்க நீங்கள் இல்லை.

கார்த்திகையில் மழை விடாமல் பெய்த வாரம், நான் சிதம்பரத்தில் இருந்த ஒரு பகலில், மிஷின் முன்னால் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். முதலில் பார்த்தது எதிர்வீட்டு அத்தைதான். காலையிலிருந்து மிஷின் சத்தம் கேட்கவில்லையே என்று, கோபத்தையும் மறந்து, மழையில் நனைந்துகொண்டு வந்திருக்கிறார்.

தை பிறந்ததும் உங்கள் பக்கத்துப் பைகளில் எட்டு விதை போட்டேன். இந்த முறை என் பக்கம் பரங்கியே போடவில்லை. ஆறு முளைத்தன. வெயில் முற்றுவதற்குள் ஐந்து காய் பிடித்தன. ஒவ்வொன்றும் திரளும்போது தினமும் போய் விரலால் தடவிப் பார்த்தேன், பள்ளம் விழுகிறதா என்று. நான்கு உருண்டையாக, வழவழவென்று வந்தன. ஒன்று கொஞ்சம் தட்டை, மேலே லேசான கோடுகள். பள்ளம் என்று சொல்ல முடியாது. டப்பாவில் இன்னும் விதைகள் இருக்கின்றன. அவற்றில் உங்கள் அம்மா வீட்டு விதை ஒன்றாவது இருக்கலாம். பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

இதை எழுதத் தொடங்கி மூன்று நாள் ஆகிறது. முதல் நாள் மாலையே பேருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். நூலைப் பிரித்துக் காட்டி, உங்களிடம் சொல்லாத அந்த வாக்கியத்தை அத்தையிடம் சொன்னேன். அவர் நூலைக் கையில் வாங்கவில்லை.

"அவுங்க இருக்கும்போது சொல்லியிருந்தா, கடைசியா ஒரு வார்த்த பேசியிருப்போம்ல நாங்க ரெண்டு பேரும்" என்றார்.

மறுநாள் மாடிக் கதவிலிருந்து பூட்டை எடுத்துவிட்டேன். நீங்கள் கொடுத்த சாவி மட்டும் என் சாவிக்கொத்தில் இருக்கிறது, திறப்பதற்கு ஒன்றும் இல்லாமல். மாடி திறந்தே இருக்கும் அத்தை, எப்போது வேண்டுமானாலும் வாங்க என்று போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சரி என்றார்.

இன்று காலை அவர் வடகம் பிழிந்தார். தன் வாசலில் புடவை விரித்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காக்கை ஓட்டிக்கொண்டிருந்தார்.