கோயில் பெட்டி

சேசு மரி சூசை துணை.

மாப்பிள்ளைக்கு,

ஸ்கைலாப் விண்கலம் தலையில் விழப்போகிறதென்று ஊரே கோழி அடித்துத் தின்ற வருஷம்தான், நீங்கள், நான், இன்னாசி, ராயப்பன் என்று நாம் நான்கு பேர் சேர்ந்து அந்தச் சவப்பெட்டியைச் செய்து கோயிலுக்குக் கொடுத்தோம். அளவு பார்க்க உள்ளே படுத்த ராயப்பன், "மெத்தை போடலீங்களா?" என்று கேட்டான். யார் செத்தாலும் அதில் வைத்துக் கல்லறைக்குத் தூக்கிப் போவோம்; உடலைக் குழியில் இறக்கியபின் பெட்டி திரும்பி வந்துவிடும். பெட்டி வைக்கும் கோயில் அறைச் சாவி என்னிடம் இருந்தது.

மறு வருஷம், கிரகணத்துக்கு எல்லோரும் கதவைச் சாத்திய மாதம், உங்களுக்குக் கட்டிக்கொடுத்த என் தங்கை சலேத்து கிணற்றில் விழுந்தாள். நீங்கள் பெட்டி கேட்டு வந்தீர்கள்.

"தானா உசுர மாச்சுக்கிட்டவளுக்குக் கோயில் பெட்டி கெடையாதுங்க மாப்ள."

"உங்க தங்கச்சிங்க அவ."

என் மனம் இளகவில்லை. கயிற்றுக் கட்டிலில் அவளைத் தூக்கிப் போனீர்கள். அன்றோடு என்னிடம் பேச்சில்லை.

போன வாரம் சேலத்து டாக்டர், "ஊட்டுக்குப் போயி புடிச்சதச் சாப்புடுங்க பெரியவரே" என்று அனுப்பிவிட்டார். படுத்தபடி அவளையே நினைக்கிறேன். அந்தக் கிணற்றில் அவளுக்கு முன்னால் ஆண்டவர் இறங்கி நின்று அவளைக் கையில் ஏந்தியிருப்பார். பூட்டியது நான்தான், அவர் அல்ல. அவரிடம் போனால் அவள் என்னை அண்ணா என்று கூப்பிடுவாள் என்ற நம்பிக்கையில்தான் பயமில்லாமல் கிடக்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதும் கோயில் உபதேசியார், "இதையுமா எழுதோணும்?" என்கிறார். எழுதுங்க என்றேன்.

எனக்கும் பெட்டி வேண்டாம், கட்டில் போதும். தலைமாட்டை நீங்கள் வந்து பிடிக்க வேண்டும். இன்னாசி போய்விட்டான், ராயப்பனும் போய்விட்டான், என்னை இனிக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மிச்சம் நீங்கள்தான், சவரிமுத்து மாப்பிள்ளை.

இப்படிக்கு,
அவளுடைய அண்ணன்.