தரகருக்கு முன்பணம் வேண்டாம்

பாப்பா அம்மா,

சோறு மூடி வைத்திருக்கிறேன். ராத்திரி வேலை முடிந்து வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. காலை பத்து மணிக்கு மனைத் தரகர் வருவார். தண்ணீர் கொடு, முன்பணம் கொடுக்காதே. பீரோ சாவியை நான் எடுத்துப் போகிறேன்.

"உன் ரெண்டு விரல் போனதுக்கு வந்த நஷ்டஈட்டுக் காசு, கண்ணுக்கு முன்னாடி நிலமா கிடக்கட்டும்யா" என்று நேற்று சொன்னாய். நம்ம பாப்பா சொல்லும் இண்டெக்ஸ் ஃபண்ட் எனக்கும் முழுசாகப் புரியவில்லை. ஐம்பது கம்பெனியில் கொஞ்சம் கொஞ்சம் போட்டு வைப்பதாம். ஏறுமாம், இறங்குமாம், பத்து வருஷம் தொடக்கூடாதாம். இறங்கினால் இறங்கட்டும். இப்போதெல்லாம் எனக்கு எதற்கும் ஒன்றும் தோன்றுவதில்லை.

ஆனால் அந்த மனை வேண்டாம். அது குளம். இடித்த வீட்டுக் கல்லை லாரி லாரியாகக் கொட்டி, மேலே ஒரு முழம் செம்மண் பரப்பியது. வீடு கட்டினால் மூன்றாம் மழைக்குச் சுவர் பிளக்கும்.

கொட்டினவர்களில் நானும் ஒருத்தன். நேற்றே சொல்லியிருப்பேன். நீ வரைபடத்தில் விரலை வைத்து, "இங்கதான் அடுப்படி" என்றாய். வாய் வரவில்லை.

பாப்பாவிடம் அந்த ஃபண்ட் ஃபாரம் வாங்கி வை, சாயங்காலம் கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்று. குளம் என்று நான் சொன்னதாகத் தரகரிடம் சொல்லிவிடாதே. இன்றைக்கும் எனக்கு அங்கேதான் வேலை.