விண்ணப்பப் பாரத்தில் ஒட்ட ஒரு படம்

மார்ச் 3, 1958, திங்கள்
பக்கத்துக் கடை அப்துல் அஜீஸ் மலாயா பிரஜா உரிமைப் பாரம் கொண்டுவந்து தந்தார். "ஆகஸ்ட் முடியறதுக்குள்ள கொடுத்துட்டா மலாய்ப் பரீட்சை இல்ல, கருணா. அப்புறம் போனா உட்கார்ந்து பேசிக் காட்டணும்." என் மலாய் மீன் பேரத்துக்கு மட்டும்தான் காணும். பாரத்தை நிரப்பி ஒரு படம் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். இன்றே முடித்திருப்பேன். ரேடியோவைக் கழற்றிப் போட்டிருக்கிறேன், அதை மூடிவிட்டு—

மார்ச் 9
ரேடியோவை மூடியாயிற்று. இரண்டு திருகாணி மிச்சம். பாடவில்லை. மறுபடி கழற்றினேன்.

ஏப்ரல் 20
ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள் சிவகாமி. இரண்டு காமிரா வைத்திருப்பவன் ஸ்டூடியோவில் போய் உட்காருவதா? நானே எடுப்பேன், நானே கழுவுவேன்.

அவள் மலாக்காவில் பிறந்தவள். உரிமை தானாக வந்துவிட்டது. "அடுத்த வருசம் ஓட்டு வருது. நான் உள்ள போய் போடுறேன், நீங்க வெளிய குடை பிடிச்சிக்கிட்டு நில்லுங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினேழு வயதில் கப்பலேறி வந்தவன். இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. என் பெண்டாட்டியின் ஊரில் நான் வெளியே நிற்க மாட்டேன்.

ஜூன் 15
குளியலறை சன்னலுக்குக் கறுப்புத் துணி, உள்ளே சிவப்பு பல்பு. மருந்துத் தண்ணீரில் தாளைப் போட்டேன். மூக்கு வந்தது, மீசை வந்தது. சிவகாமி கதவைத் திறந்தாள். "மணி பதினொண்ணு. மனுசி குளிக்க வேணாமா?" தாள் முழுவதும் கறுத்துவிட்டது.

ஜூலை 27
மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் இயந்திரம் செய்கிறேன். பாரம் பத்திரமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 29
படம் ஒருவழியாக அமைந்தது. ஒரு காது விழவில்லை, மற்றபடி நான்தான். நாளை மறுநாள்தானே கடைசி நாள் என்றேன். "அது ஞாயித்துக்கிழமை லா. நாளைக்கு மத்தியானமே பூட்டிடுவான்" என்றார் அஜீஸ்.

ஆகஸ்ட் 30
பாரத்தோடு கிளம்பினேன். வழியில் பழைய சாமான் கடையில் ஒரு டேப் ரெக்கார்டர். ஒரு நிமிஷம் என்றுதான் நின்றேன். பேசிப் பார்த்தேன். என் குரல் இவ்வளவு கீச்சா? நம்பாமல் மறுபடி பேசினேன். அலுவலகத்துக்குப் போனபோது கதவு சாத்தியிருந்தது.

என்ன மனுசன்டா நீ? ஆறு மாசம் இருந்துச்சே. ஒரு காகிதம்... ஒரே ஒரு காகிதம். வீட்டுக்கு வந்து அழுதேன். சிவகாமி என் கையிலிருந்த பாரத்தை வாங்கி உள்ளே வைத்தாள்.

ஆகஸ்ட் 31
சுதந்திர தினம். எங்கள் காஜா பெராங் தெரு முழுக்கக் கொடி. சிவகாமி காமிரா முதல் திருப்புளி வரை எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். "இனிமே உங்ககிட்ட தமிழ்ல பேச மாட்டேன். பசிச்சா மலாய்ல கேளுங்க." சோறு கிடைக்க அரை மணி ஆயிற்று.

நவம்பர் 16
இன்று மலாயில் அவளோடு சண்டை போட்டேன். தோற்றேன். ஆனாலும் கால் மணி நேரம் தாக்குப்பிடித்தேன்.

பிப்ரவரி 7, 1959, சனி
பரீட்சை. அதிகாரி ஒரே கேள்விதான் கேட்டார்: போன வருஷமே ஏன் வரவில்லை? எனக்குப் பொய் சொல்லும் அளவுக்கு மலாய் வராது. ரேடியோ, குளியலறை, மீன் தொட்டி, எல்லாம் சொன்னேன். அவர் பேனாவை மூடினார். என்ன காமிரா என்று கேட்டார். அவர் வீட்டுக் குளியலறையிலும் சிவப்பு பல்பாம். மனைவி தாய் வீட்டுக்குப் போகிறேன் என்கிறாராம். அரை மணி பேசினோம். தேறியதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். சிவகாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க, காட்டுங்க" என்றாள், தமிழில். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அது சிங்கப்பூர் லென்ஸ் கடை முகவரி. அதிகாரி எழுதிக் கொடுத்தது. தேறிய காகிதம் அவர் மேசை மேலேயே கிடக்கிறது.

மணி பன்னிரண்டு. இன்னும் அரை மணியில் அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள். சிவகாமி அடுப்பை அணைத்தாள். "நீங்க வர வேணாம். வழியில கடை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பெச்சா ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டாள்.

நாற்பது நிமிஷமாக வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுதுவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. பெச்சா திரும்பி வருகிறது. கையில் அந்தக் காகிதத்தை ஆட்டிக்காட்டுகிறாள்.