எஞ்சினின் வயிற்றுத் தண்ணீர்

குட்டியின் அம்மாவுக்கு,

பூங்காவில் நிற்கும் பழைய நீராவி எஞ்சினுக்குப் போன மாதம் வர்ணம் பூசினோம். பச்சை நிறம். பூங்காத் துறை அதையும் செடியென்று நினைத்துவிட்டது போலிருக்கிறது.

புகைபோக்கி வழியாக இறங்கும் மழைநீர் வடிவதற்கு, எஞ்சினின் வயிற்றடியில் ஒரு துளை உண்டு. "ஒழுகுதேய்யா, அசிங்கமா இருக்கு, அடைச்சிடுங்க" என்றார் புது அதிகாரி. அடைத்தோம். ஒழுகல் நின்றது. அவருக்குப் பாராட்டும் கிடைத்தது.

குட்டியை அடக்கம் செய்த அன்று, "ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே, இவரும் ஒரு அப்பாவா?" என்று உன் அக்கா கேட்டார். நீ அவரோடு புறப்பட்டபோதும் நான் உன் பெட்டியைத்தான் தூக்கிக் கொடுத்தேன். கைப்பிடி சரியில்லை என்றும் சொன்னேன்.

நேற்று எஞ்சினின் அடியில் வர்ணம் உப்பியிருந்தது. படுத்துக்கொண்டு அடைப்பைப் பிடுங்கினேன். கறுப்புத் தண்ணீர் கொட்டியது. கூடவே துரு, தகடு தகடாக. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. தண்ணீர் நின்ற பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

காவலாளி எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, கண்ணெல்லாம் செவந்திருக்கு?"

"துருத்தண்ணி தெறிச்சிருச்சுப்பா."

அவர் நம்பிவிட்டார். நீ நம்ப மாட்டாய். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

குட்டியின் அப்பா