கண் வராத பொம்மைகள்

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு இறக்குமதி வரி ஏறியதும் எங்கள் முதலாளி, "இனிமே நம்ம பொம்மைதான் ஓடும்" என்று மார்தட்டினார். நாங்கள் பொருத்தும் கண்ணாடிக் கண்களும் வெளிநாட்டுச் சரக்குதான் என்பதை மறந்துவிட்டார். அவற்றுக்கும் அதே வரி. கட்டுப்படியாகாமல் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். அலமாரி நிறையக் கண்ணில்லாத பொம்மைகள்.

நேற்று, பழைய பொம்மைகளைச் சேகரிக்கும் ஓர் அம்மாள் கண் உடைந்த பொம்மையோடு வந்தார்.

"வெளிநாட்டுலேருந்து கண்ணு வரவழைச்சா வரியே பொம்மை விலைக்கு மேல போகுது. நீங்க இங்கேயே செய்றீங்களாமே, ஒரு ஜோடி குடும்மா."

"நாங்களே அதுக்குத்தான் காத்திருக்கோம்மா" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். அவர் போனபிறகு எனக்கு ஆத்திரமாக வந்தது. அவருக்கும் உதவாமல் எங்களுக்கும் உதவாமல் யாருக்காக இந்த வரி?

வேலை போகவில்லை அப்பா. வாரம் மூன்று நாளாகக் குறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

அம்மாவின் பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள். புதிது வேண்டாம். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன். போன் செய்யும்போது, "சாப்பிட்டியா" என்று கேட்டதும் வைத்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்