இரண்டு தெருத் தண்ணீர்

அம்மா, பேசவே கூசுகிறவள் எழுதுகிறேன். படிக்க நீங்கள் இல்லாத நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். இன்று வேலைக்குப் போகும் வழியில் சாயப்பட்டறையில் பட்டு நூல் வேகும் வாசனை வந்தது. பஸ் ஏற முடியவில்லை. நின்று அழுதேன்.

அந்த வாசனைக்கு நீங்கள் ஒரு நாளும் மூக்கை மூடியதில்லை. புழுவைக் கொன்று எடுத்த நூல் என்று கடைசிவரை பட்டு உடுத்தாத சமணப் பெண் நீங்கள். நெசவாளர்களான எங்களிடம், "நான் கட்ட மாட்டேன், அவ்ளோதான்மா. உங்க பொழப்பைக் கெடுக்க வரல" என்றீர்கள். எல்லாச் சாதியாரையும் உங்கள் கோயிலுக்குள் அழைத்ததற்காகச் சொந்தக்காரர்களே உங்களோடு பேச்சை நிறுத்தியது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

சாமி ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் போகக் கூடாது என்று எதிர்த்தெருவினர் மறித்தார்கள். கல் பறந்தது. மறுநாள் தாமல் பக்கத்து உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து, இரண்டு தெருவும் சேரும் முனையில் வெயிலில் உட்கார்ந்தீர்கள். "ரெண்டு தெருவுலேர்ந்தும் தண்ணி வந்தாத்தான் குடிப்பேன்." சமண நோன்புப்படி, பொழுது சாய்ந்தால் விடியும்வரை தண்ணீரும் தொட மாட்டீர்கள். யாரும் அசையவில்லை. என்னைப் பார்த்தீர்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தேன். வெளிச்சம் மங்கும்போது எதிரிலிருந்து ஒரு தறிக்காரர் செம்போடு வந்தார். முதல் கல்லை எறிந்தவர் அவர்தான்.

நீங்கள் வழக்கம்போல வெள்ளைத் துணியில் வடிகட்டினீர்கள்.

"ஏம்மா, எங்க தண்ணில பூச்சியா இருக்குது?" என்று முறைத்தார்.

"இருந்தா அதுவும் பொழைச்சிப் போவட்டும்பா."

யாரோ சிரித்துவிட்டார்கள். இரண்டு தண்ணீரும் ஒரே துணி வழியாக ஒரே குவளையில் இறங்கின. "இப்ப எது யாருதுன்னு பிரிச்சிக் காட்டுங்க, பாக்கலாம்" என்று குடித்தீர்கள். அடுத்த திருவிழாவில் சாமி எங்கள் வாசலுக்கு வந்தது.

போன மாதம் நீங்கள் போய்விட்டீர்கள். இரண்டு தெருவும் ஒரே வேனில் வந்தோம். அந்தத் தறிக்காரர் கையில், அப்போதுதான் தறியிலிருந்து அறுத்த அரக்கு நிறப் பட்டு. ஒரு முனையை அவரும் மறு முனையை என் அப்பாவும் பிடித்து உங்கள்மேல் போர்த்தப் போனார்கள். உங்கள் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, அம்மா பட்டு..." என்று தறிக்காரரிடம் தொடங்கினேன்.

"தெரியும்மா," என்றார், அழுதபடியே. "எங்க கையில வேற இன்னா இருக்குது?"

அவரும் அப்பாவும் பட்டை உங்கள்மேல் போர்த்தினார்கள்.

வடிகட்டும் துணியை உங்கள் மகன் எனக்குக் கொடுத்தார். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள், ஆபீஸில் கேன் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கிறாள் என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்தப் பட்டைப் பொறுத்துக்கொள்ளுங்கள், அம்மா. அதன் இரண்டு முனைகளையும் பிடித்திருந்தவர்கள் யார் என்று மட்டும் பாருங்கள்.