கண் மட்டும் தெரிந்த இடம்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்பு மகள் சுபாஷினிக்கு அம்மா எழுதுவது. முட்டி வலியைக் கழித்துவிட்டால் நான் நலம், பெர்த்தில் நீ தனியாக எப்படி இருக்கிறாய் என்பதுதான் கவலை. குரலைப் பதிவு செய்து அனுப்பச் சொல்கிறாய், பள்ளிக்கூடம் போகாமல் நானாகக் கற்ற எழுத்து இது, எழுதத்தான் செய்வேன்.

தீபாவளிக்கு மறுநாள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு முறுக்கு கொண்டுபோனேன். வேலையில் இருந்தவரை வருடம் தவறாமல் கொடுத்தது, ஓய்வு பெற்றால் நிறுத்த வேண்டும் என்று எவன் சொன்னான்? வாசல் காவலாளி நம் ஆள்தான், "யாரப் பாக்கணும் அண்ட்டி?" என்றான். என் லைனை, மெஷின் வரிசையில் கூட நின்றவர்களை என்றேன். "லைன்னு சொன்னா எப்படி லா, ஆள் பேர் வேணும்" என்றான். பக்கத்து மெஷின் காமாரியா தன் மகனோடு கெடாவுக்குப் போய்விட்டாள், கூட வேலை செய்த சாஹித்தைப் போன வருடம் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம். சொல்வதற்கு ஒரு பெயர் இல்லை. இரக்கப்பட்டு, 'பெலாவாட்' என்று எழுதிய வருகையாளர் அட்டையை நீட்டினான். அந்த இடத்துக்கு நான் விருந்தாளியா? வாங்கவில்லை, முறுக்கோடு பஸ் ஏறிவிட்டேன்.

செய்கிற கம்ப்யூட்டர் சிப்பில் தூசு படக்கூடாது என்று உள்ளே எல்லோருக்கும் தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும்தான் தெரியும். அதை வைத்தே நான் தூங்கினேனா, உன் அப்பாவோடு சண்டையா என்று காமாரியா கண்டுபிடித்துவிடுவாள். அப்பா இறந்து நான் திரும்பப் போன அன்று என் மெஷினையும் அவளே சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். மேலாளரோடு நான் போடாத சண்டையா, ஆனாலும் அது என் இடம். இப்போது முழு முகத்தோடு வாசலில் நின்றேன், தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. இந்த ஃபிளாட்டிலும் நான் பதினோராம் மாடி அண்ட்டி, அதோடு சரி. பெர்த்துக்கு வந்துவிடச் சொல்லாதே, வந்தாலும் அங்கேயும் அதே விருந்தாளி அட்டைதான். என் கதை முடிந்தது, உன் கதைதான் பயமாக இருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை, கூட வேலை செய்பவர்களை நேரில் பார்த்ததே இல்லை என்று பெருமையாகச் சொன்னாய். காய்ச்சலில் கிடந்தாயே, அவர்களில் ஒருவருக்காவது தெரிந்ததா? நாளைக்கு நீ எந்த வாசலில் போய் யார் பெயரைச் சொல்வாய்? வாரம் ஒரு நாளாவது ஆபீசுக்குப் போய் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடு என்றால், "இப்பல்லாம் அப்படி இல்லம்மா" என்பாய். கேட்கமாட்டாய், தெரிந்தேதான் சொல்கிறேன்.

நோய் நொடி இல்லாமல் இரு, தண்ணீர்மலை முருகன் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். முறுக்கு டின்னிலேயே நமுத்துக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கேமராவை அணைத்து வைக்காதே. முகம் முழுக்க வேண்டாம், கண்ணை மட்டும் காட்டு.

உன் அம்மா,
புஷ்பவள்ளி